முகாம் சீட்டில் ‘நார்மல்’, ஒன்பது மாதத்தில் அப்பா கண்ணில் ரத்தக்கசிவு: யாரைப் பொறுப்பாக்குவது?

கோத்தகிரிக்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டம் படித்தவர்களும் கண் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்பதால்தான் கேட்கிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் முப்பது வருஷம் கொழுந்து எடை போட்டவர். மூட்டையைத் தராசில் வைத்தால் முள் நிற்பதற்குள் கிலோவைச் சொல்லிவிடுவார். 14 வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒரு நாள் விட்டதில்லை.

2024 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். கீழே சமவெளியில் இருக்கும் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரி. பெயர் இங்கே வேண்டாம். டாக்டர் வரவில்லை. மூன்று பெண்கள், ஒரு டிரைவர், ஒரு கேமரா. கேமராவோடு இருக்கும் டேப்லெட்டே படத்தைப் படித்து, சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று சொல்லிவிடும், ஏஐ என்றார்கள். பதிவுக்கு 20 ரூபாய். அப்பா தாடையை வைத்து உட்கார்ந்தார். வலது கண்ணுக்கு ஒரு ஃபிளாஷ். இடது கண்ணுக்கு மட்டும் நான்கு தடவை அடித்தார்கள். ஐந்து நிமிஷத்தில் பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு வந்தது. முடிவு நார்மல், 12 மாதம் கழித்து மறுபடி பார்க்கவும். அடியில் ஒரு டாக்டரின் கையெழுத்து, அதுவும் அச்சில்.

அந்தச் சீட்டைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தது நான்தான்.

தீபாவளி முடிந்த வாரம் அப்பா சொன்னார்: “டம்ளர் அடியில டீத்தூள் மிதக்குற மாதிரி கண்ணுக்குள்ள என்னமோ ஓடுதுடா.” நான் ஆணியில் இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, “பிப்ரவரி வரைக்கும் பிரச்சனை இல்லைன்னு போட்டிருக்குப்பா, மழை விடட்டும், போய்ப் பார்க்கலாம்” என்றேன். மழை விடவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் எழுந்தவர் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். விடிந்துவிட்டதா என்று கேட்டார். வெளியே நல்ல வெளிச்சம்.

அன்றைக்கே கோயம்புத்தூர். இடது கண்ணில் புதுசாக முளைத்த ரத்தக் குழாய்கள் உடைந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, வலது கண்ணிலும் பாதிப்பு ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். பிப்ரவரி சீட்டைப் பற்றிச் சொன்னதும், “வலது கண் ஒன்பது மாசத்தில் இப்படி ஆகியிருக்கலாம். ஆனால் இடது கண்ணில் அப்போதே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்” என்றார். லேசர், ஊசி, ஆபரேஷன் எல்லாம் சேர்த்து 1,12,000 ரூபாய். இப்போது அந்தக் கண்ணில் கை அசைவது தெரியும், விரலை எண்ண முடியாது.

முகாம் நடத்திய ஆஸ்பத்திரியில் கேட்டால், படம் கருவிக் கம்பெனியிடம் இருக்கிறது என்கிறார்கள். கம்பெனிக்கு மெயில் போட்டால், “எங்கள் மென்பொருள் உதவிக் கருவி மட்டுமே, இறுதி முடிவு மருத்துவருடையது” என்று ஒரு வரி. கையெழுத்துக்குரிய டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாராம்.

இதில் யார் பொறுப்பு? ஏஐ தப்பு செய்தால் கேட்பதற்குச் சட்டத்தில் ஆள் உண்டா, இல்லையா?

குந்தா டீச்சர்:

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அப்பாவை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். மஞ்சூர் பக்கம் எங்கள் ஊருக்கும் இதே மாதிரி கேமரா வந்தது. என் மாமியாருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, பார்வை நன்றாகவே இருந்தது. கேமரா அவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. போனோம், லேசர் வைத்தார்கள், இன்றைக்கும் அவரே அரிசியில் கல் பொறுக்குகிறார். ஊட்டிக்குப் போய்வர எங்களுக்கு ஒரு முழுநாள், ஒரு நாள் கூலி. அதனால் யாரும் போகமாட்டார்கள். இந்த மலைக்கு அந்த வண்டி வருவதே பெரிய விஷயம். நீங்கள் வழக்குப் போட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிகள் எல்லாம் எதற்கு வம்பு என்று முகாமையே நிறுத்திவிட்டால்? அதையும் யோசியுங்கள்.

கேமராவுக்குப் பின்னால்:

அண்ணா, நான் ஆறு வருஷம் கண் முகாம்களில் விழித்திரைப் படம் எடுக்கும் வேலை பார்த்தவள். கூடலூர், பந்தலூர் எல்லாம் போயிருக்கிறேன். அதனால் கேமரா பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

கண் பாப்பா வழியாகத்தான் உள்ளே இருக்கும் விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும். முகாமில் பெரும்பாலும் சொட்டு மருந்து விடமாட்டோம், இருட்டில் உட்கார வைத்தால் பாப்பா தானாக விரியும். வயதானவர்களுக்கு, அதுவும் பல வருஷம் சர்க்கரை இருப்பவர்களுக்கு, அது சரியாக விரியாது. கண்புரை ஆரம்பித்திருந்தால் படம் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். சமுதாயக் கூடம் என்றால் சுற்றிலும் ஜன்னல், கறுப்புத் துணி கட்டினாலும் வெளிச்சம் வரும். வெளியே 150 பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்கு மூன்று நான்கு தடவை எடுத்தும் படம் தேறவில்லை என்றால் நம் கை தானாக அடுத்த ஆளைக் கூப்பிடும். அப்படிச் செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

படம் நன்றாக இருந்தால் மென்பொருள் நன்றாகவே படிக்கும். கூகுள்காரர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்கள்கூடப் போயிருக்கின்றன. அவர்களுடைய மென்பொருள் கண் டாக்டர்களுக்கு ஈடாகப் படித்தது. அதையே தாய்லாந்தில் சின்னச் சின்ன கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது 1,838 படங்களில் 21 சதவீதத்தைப் படிக்க முடியாது என்று அது திருப்பிவிட்டது. வெளிச்சம்தான் பெரிய காரணம். அங்கே அப்படித் திரும்பியவர்களை நிபுணரிடம் போகச் சொன்னார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையும் அதுதான்: படம் தேறாவிட்டால் அவருக்கு நோய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் 2018இல் அனுமதி வாங்கிய முதல் தானியங்கிக் கருவிக்கும் மூன்று பதில்தான்: பாதிப்பு இருக்கிறது, இல்லை, படம் போதாது.

இடது கண்ணுக்கு நான்கு ஃபிளாஷ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. சீட்டில் ‘நார்மல்’ என்ற வரிக்கு மேலேயோ கீழேயோ படத்தின் தரம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா, பாருங்கள். இன்னொன்று, அது வெப்பத்தாளில் அடித்த சீட்டு, தானாக அழிந்துவிடும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள்.

கோத்தகிரிக்காரன்:

தங்கச்சி, உங்கள் பதிலைப் படித்ததும் ஓடிப்போய் எடுத்தேன். காலண்டர் அடுப்படிச் சுவரில் இருக்கிறது. சூடு பட்டுப் பட்டுச் சீட்டின் மேல்பாதி காப்பி நிறமாகி, அப்பா பெயரே பாதிதான் தெரிகிறது. கீழ்ப்பாதி தப்பித்திருக்கிறது. அப்பாவின் லென்ஸை வைத்துப் பார்த்தேன். ‘நார்மல்’ என்பது பெரிய எழுத்தில். அதற்குக் கீழே கடுகு கடுகாக இரண்டு வரி, இங்கிலீஷில்: வலது, படத்தரம் நன்று. இடது, படத்தரம் போதாது.

ஒன்றரை வருஷம் அந்த ஆணியில்தான் தொங்கியது. ஒருத்தரும் படிக்கவில்லை.

படம் போதாது என்று அந்தக் கருவி சொல்லியிருக்கிறது. அதற்கு மேலே நார்மல் என்று அடித்தது யார்?

டீச்சர் அம்மா, உங்கள் பதிலை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முகாம் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசையே கிடையாது. கேமரா வரட்டும், மாசாமாசம் வரட்டும். தெரியாத கண்ணுக்குத் தெரியவில்லை என்று பெரிய எழுத்தில் தமிழில் அடித்துக் கொடுக்கட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் மறுநாளே மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறியிருப்போம். உங்கள் மாமியாருக்குக் கிடைத்தது என் அப்பாவுக்கும் கிடைத்திருக்கும்.

உதகை வக்கீல்:

சார், நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறேன். பொதுவாகச் சொல்கிறேன், ஆவணங்களைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது.

செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிப் பொறுப்புச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் அதனால் கேட்க ஆள் இல்லை என்று ஆகாது. சட்டத்தின் கண்ணில் ஏஐ ஒரு ஆளே கிடையாது. அதைச் செய்தவர், வாங்கி வைத்தவர், அதன் முடிவைத் தன் பெயரில் கொடுத்தவர் என்று மனிதர்களும் நிறுவனங்களும்தான் இருக்கிறார்கள்.

முதலில் ஆஸ்பத்திரி. இலவச முகாம், காசு கொடுக்காதவர் நுகர்வோரே இல்லை என்பார்கள். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்று பார்த்த சாந்தா வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்று நடக்கும் ஆஸ்பத்திரி சட்டத்துக்குள் வராது, பதிவுக்கென்று சின்னத் தொகை வாங்கினாலும் வராது. அதனால் உங்கள் 20 ரூபாயை நம்பி வாதாட முடியாது. ஆனால் சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால் இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோர்தான். தனியார் ஆஸ்பத்திரி என்கிறீர்கள், பில் போடும் ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும். முகாமுக்கும் அது பொருந்தும் என்று நாம் வாதாடலாம். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் மருத்துவ சேவை அதற்குள் வரும் என்பது 2022இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியாகிவிட்டது. படம் எடுத்த பெண்கள், கையெழுத்துக்காரர் எல்லோருக்கும் சேர்த்து ஆஸ்பத்திரி பதில் சொல்ல வேண்டும். டாக்டர் ஊர் மாறியது அவர்களுக்கு உதவாது.

அடுத்து கம்பெனி. இங்கேதான் சுவாரசியமான சிக்கல். 2019 சட்டத்தில் பொருளுக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது, பிரிவு 82 முதல் 87 வரை. ஆனால் ‘பொருள்’ என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தைப் பாருங்கள்: வாயு, திரவ, திட நிலையில் இருப்பது. மென்பொருள் இந்த மூன்றில் எது? எதிர்த்தரப்பு அங்கேயே வந்து நிற்கும். நம் பதில் இரண்டு. கேமராவும் டேப்லெட்டும் திடப்பொருள்தான், மென்பொருள் அதன் ஒரு பாகம். தவிர, 2020 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் மருத்துவக் கருவி என்பதில் மென்பொருளும் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பியர்கள் இந்தச் சண்டையே வேண்டாம் என்று 2024இல் போட்ட புதிய விதியில் மென்பொருளும் பொருள்தான் என்று எழுதிவிட்டார்கள். நாம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

கம்பெனி கையில் இன்னொரு கேடயம் பிரிவு 87. நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருள் என்றால், நிபுணருக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டோம் என்று காட்டி, எச்சரிக்கை போதவில்லை என்ற குற்றச்சாட்டிலிருந்து அவர்கள் தப்பலாம். ‘உதவிக் கருவி மட்டுமே’ என்ற அந்த ஒரு வரி மெயில் அதற்கான அஸ்திவாரம். உங்கள் கூடத்தில் நிபுணரே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியுமா? முகாம் நோட்டீஸில், பேனரில் என்ன போட்டிருந்தது? வெளிப்படையாக ஒரு உத்தரவாதம் கொடுத்து, பொருள் அதற்கு ஏற்றபடி இல்லை என்றால், கவனக்குறைவு எங்கள் பக்கம் இல்லை என்று நிரூபித்தாலும் பிரிவு 84 விடாது. அந்த நோட்டீஸ் கிடைத்தால் பொன் மாதிரி.

போலீஸில் புகார் கொடுக்கலாமா என்று யாராவது சொன்னால் வேண்டாம். 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்குக்குப் பிறகு மருத்துவத்தில் குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் காட்ட வேண்டும். உங்களுக்கு வேண்டியது செலவும் நஷ்ட ஈடும்.

காலம் முக்கியம். இரண்டு வருஷம்தான். தெரிய வந்த நாளிலிருந்து, அதாவது நவம்பரிலிருந்து, எண்ணலாம் என்று வாதாட வழி உண்டு. ஆனால் முகாம் நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். 2026 பிப்ரவரி 17க்குள் மனு உள்ளே போய்விட வேண்டும். ஆஸ்பத்திரி சமவெளியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உதகை நுகர்வோர் ஆணையம் போதும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கடைசியாக, உங்களுக்கு வலிக்கும் ஒன்று. அந்த மூன்று வாரத் தாமதத்தை அவர்கள் கட்டாயம் எடுப்பார்கள். மறைக்காதீர்கள். சீட்டில் 12 மாதம் என்று இருந்ததை நம்பித்தான் காத்திருந்தோம் என்று நடந்தபடியே தேதியோடு எழுதுங்கள். என் பார்வையில் அந்தத் தாமதமே சீட்டால் வந்த கேடுதான்.

மலை மருத்துவர்:

கொடைக்கானல் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். வக்கீல் சொன்னதோடு இரண்டு விஷயம்.

மருத்துவப் பதிவேடு கேட்டு நோயாளி எழுதினால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002 மருத்துவர் நடத்தை விதி. அதே விதிகளோடு 2020இல் சேர்ந்த தொலை மருத்துவ வழிகாட்டுதல், செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு நேராக ஆலோசனை சொல்லக் கூடாது, மருந்து எழுதக் கூடாது, மருத்துவருக்கு உதவலாம் என்கிறது. ‘12 மாதம் கழித்து வரவும்’ என்பது ஆலோசனை இல்லாமல் வேறு என்ன? அதை ஒரு டாக்டர் பார்த்துச் சொன்னாரா என்று எழுத்தில் கேளுங்கள். எத்தனை மணிக்குப் பார்த்தார் என்றும் கேளுங்கள். ஐந்து நிமிஷத்தில் சீட்டு வந்திருக்கிறது, கையெழுத்து அச்சில் இருக்கிறது. பார்க்காமல் கையெழுத்தைக் கடன் கொடுத்த டாக்டரை நான் ஒரு டாக்டராகவே மன்னிக்கமாட்டேன்.

படத்தை வாட்ஸப்பில் வாங்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், தேதி விவரமும் போய்விடும். மூலக் கோப்பாகவே கேளுங்கள்.

வலது கண்ணுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டுகிறீர்கள்தானே?

கோத்தகிரிக்காரன்:

காட்டுகிறோம் டாக்டர். போன வாரமும் போய்வந்தோம், வலது கண் அப்படியே நிற்கிறது.

எல்லோருக்கும் நன்றி. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் இரண்டு கடிதம் போட்டேன், ஆஸ்பத்திரிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. நீங்கள் சொன்ன கேள்விகளை அப்படியே எழுதினேன். கம்பெனியிடமிருந்து பதில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பன்னிரண்டாம் நாள் ஒரு பென்டிரைவ் வந்தது. டாக்டர் பார்த்தாரா என்ற கேள்விக்குப் பதில் இல்லை, படங்கள் மட்டும். வலது கண் ஆரஞ்சுப் பழம் மாதிரி தெளிவாக இருக்கிறது. இடது கண்ணின் நான்கு படமும் சாம்பல் நிறம், ஓரத்தில் நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சக் கீற்று, அவ்வளவுதான். கோயம்புத்தூர் டாக்டரிடம் காட்டினேன். இதில் ஒருத்தராலும் எதையும் சொல்ல முடியாது, நார்மல் என்றும் சொல்ல முடியாது என்று தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நோட்டீஸ் கிடைக்கவில்லை. ஆனால் முகாம் அன்று பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த செல்ஃபியில் பின்னால் பேனர் முழுசாக விழுந்திருக்கிறது. கம்பெனி முத்திரைக்குக் கீழே ‘மருத்துவர் இல்லாமலே துல்லியமான முடிவு, 5 நிமிடத்தில்’ என்று இருக்கிறது. வக்கீல் சாருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

டீச்சர் அம்மா, மனுவில் கடைசிக் கோரிக்கையாக ஒன்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். படம் தேறாத கண்ணுக்கு முடிவு அச்சடிக்கக் கூடாது, தமிழில் எழுதி மேலே அனுப்ப வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரிக்கு உத்தரவு கேட்கிறோம்.

புதன்கிழமை உதகையில் மனு போடுகிறோம். அப்பாவும் வருகிறேன் என்கிறார். எண் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.